பவுடர் பூசிய இன்ஜின்

பானட்டைத் திறந்ததும் அக்கா முதலில் திட்டுவது அந்த வண்டியை வடிவமைத்தவரை. "கை நுழைய எடம் விட்டானா பாரு. இவன் வீட்ல அடுப்ப அலமாரிக்குப் பின்னாடி வச்சிருப்பான்." அடுத்து, வண்டியைக் கடைசியாகத் தொட்ட மெக்கானிக்கை. மூன்றாவதாக, ஓட்டுகிறவரை. இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. மூவரையும் முடித்துவிட்டுத்தான் துணியைக் கையில் எடுப்பார். அதன்பின் அந்த விரல்களில் வருகிற பக்குவத்தைப் பார்த்தால், சற்றுமுன் பேசியது வேறு யாரோ என்று தோன்றும்.

பட்டறை நடத்தும் அவர் தெருவுக்கே அக்கா. வயது ஐம்பத்திரண்டு. ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தலையில் துணித் தொப்பி, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. இரண்டு வண்டிகள் மட்டுமே நிற்கக்கூடிய தகரக் கூரைப் பட்டறை. கணவர் பள்ளியில் கணக்கு வாத்தியார். "வீட்ல அவ சத்தமே வராதுங்க" என்று அவர் சொல்வதை இந்தத் தெருவில் யாரும் நம்புவதில்லை. ஆனால் அது உண்மை. ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அக்கா கேட்டது காதில் விழாமல் இரண்டு தடவை "என்னது?" என்றேன். கோபத்தைக் காலையில் பட்டறைப் பூட்டோடு திறந்து, மாலையில் அதோடு பூட்டிவிட்டு வருகிறார் போலும்.

இன்னொரு பூட்டுத் திறந்துகொள்வதும் உண்டு. அதற்கு "டர்போ போச்சு" என்று யாராவது சொன்னால் போதும். டர்போ என்பது இன்ஜினின் புகை வேகத்தில் சுழலும் ஒரு சிறு சக்கரம். இன்ஜின் எண்ணெயையே குடித்து உயிர்வாழ்வது. எண்ணெய் நின்றால் அதன் தண்டு சில நொடிகளில் தேய ஆரம்பித்துவிடும். விலையோ வாய்விட்டுச் சொல்லக்கூடியதல்ல. ஆகவே எங்கே எண்ணெய் கண்டாலும் டர்போவைக் கைகாட்டுவது பல பட்டறைகளில் வழக்கம். "பாவம், அது வாயில்லாத ஜீவன். எவன் தப்பு பண்ணினாலும் அதைத்தான் தூக்குல போடறாங்க" என்பார் அக்கா.

சென்ற வாரம் என் வண்டியின் பிரேக் வேலைக்காக அங்கே முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். இழுவை வண்டி ஒன்று வாடகைக் கார் ஒன்றை இறக்கிவிட்டுப் போனது. அதன் சொந்தக்காரர் மெலிந்த மனிதர். தேய்த்த சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"காலையில ஆபீஸ் ட்ரிப்புக்கா. பாதி வழியில ஆயில் லைட் எரிஞ்சுது, முன்னாடி ஒரே புகை. உடனே ஆஃப் பண்ணிட்டேன். பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். டர்போ போச்சு, புதுசு வர மூணு வாரம் ஆகும்னுட்டாங்க. மூணு வாரம் நின்னா என் ரூட்ட வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க." கொஞ்சம் நிறுத்தி, குரலை இறுக்கிக்கொண்டார். "ஒம்பது நாளைக்கு முன்னாடி உங்க கடையிலதான் ஆயில் மாத்தினேன்."

"டர்போன்னு சொன்னவன் தொடச்சுப் பாத்தானா?"

"மேலோட்டமாப் பாத்தான்."

"மேலோட்டமாப் பாத்து வைத்தியம் பண்றவன ஆஸ்பத்திரியில வேலைக்குச் சேப்பாங்களா? இங்க மட்டும் சேத்துக்கறாங்க."

இன்ஜினுக்கு அடியில் இருக்கும் மூடித்தட்டைக் கழற்றினார்கள். அதில் தேங்கியிருந்த எண்ணெயில் ஒரு சிறு வாளி நிறைந்தது. எண்ணெய் சொட்டுகிற இடம் வேறு, கசிகிற இடம் வேறு. காற்றும் சரிவும் அதை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். அதனால் அக்கா இன்ஜினைக் குளிப்பாட்டுவார். மண்ணெண்ணெய், பிரஷ், பிறகு துணி, பிறகு காற்று. கடைசியில் சட்டைப் பையிலிருந்து முகப் பவுடர் டப்பா வரும். இன்ஜின் முழுக்கத் தட்டி, அது மேடைக்குப் போகிற நடிகனைப் போல வெளுத்ததும், புது எண்ணெய் ஊற்றினார்.

"பத்து எண்ணு. எண்ணினதும் ஆஃப் பண்ணு. பதினொண்ணு எண்ணின, உன்னையும் சேத்துக் கழட்டிடுவேன்."

கார்க்காரர் சாவியைத் திருப்பினார். எட்டாவது எண்ணில் அக்கா கையைத் தூக்கிவிட்டார். டர்போவின் எண்ணெய்க் குழாய்களில் பவுடர் கலையவே இல்லை. ஒரு சாண் தள்ளி, எண்ணெய் ஃபில்டரின் விளிம்பிலிருந்து பழுப்பாய் ஒரு விசிறி விரிந்திருந்தது. அங்கிருந்து பீய்ச்சியதுதான் டர்போவின் சூட்டில் பட்டுப் புகைந்திருக்கிறது.

ஃபில்டர் என்றதும் பட்டறை முழுவதும் ஒரு நபரைத் திரும்பிப் பார்த்தது. அக்காவின் தம்பி. நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், பேச்சு குறைவு. எண்ணெயும் அதோடு ஃபில்டரும் மாற்றுவது வழக்கமாக அவர் வேலை.

"ஏன்டா, உனக்கு எத்தனை தடவ சொல்றது? பழைய ரப்பர் வளையம் இன்ஜின்லயே ஒட்டிக்கும். விரல் விட்டுத் தடவிப் பாத்துட்டுத்தான் புதுசப் போடணும். ரெண்டு வளையம் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தா நாலு நாள் தாங்கும், பத்து நாள் தாங்கும், அப்புறம் நடுரோட்டுல துப்பிடும். ஒரு மனுஷன் பொழப்ப நிறுத்திட்டியேடா."

"கழட்டிப் பாத்துட்டு சொல்லுக்கா" என்றார் தம்பி, விளக்கைப் பிடித்தபடி.

"என்னத்த பாக்கறது? கேட்டுக்கோ, இவரும் கேக்கட்டும். இந்த ஃபில்டரப் போட்ட கை இனிமே என் கடையில எந்த வண்டியையும் தொடாது. சோறு போடறேன், வந்து சாப்பிட்டுட்டுப் போ. ஸ்பேனரத் தொடாதே."

இதைச் சொல்லிவிட்டு வண்டிக்கடியில் போனார். திட்டுவது அங்கிருந்தும் தொடர்ந்தது. கீழேயிருந்து வருவதால் நிலமே ஏசுவது போலிருந்தது. ஃபில்டர் கழலும் கிறீச்சொலி கேட்டது. அதோடு பேச்சு நின்றது.

இந்தப் பட்டறையில் ஃபில்டர் மாட்டுகிறவர் அதன் மேல் தன் அடையாளத்தைப் பெயின்ட் பேனாவால் போட்டாக வேண்டும். அக்கா கொண்டுவந்த சட்டம். தம்பிக்குப் பெருக்கல் குறி, அக்காவுக்கு வட்டம். அந்தப் பக்கம் இன்ஜினைப் பார்த்துத் திரும்பியிருந்ததால் அதுவரை அடையாளம் தெரியவில்லை. கீழே இருந்தவரைத் தவிர இப்போதும் யாருக்கும் தெரியாது. அக்காவின் கையில் துணி இருந்தது. பெயின்ட் எத்தனை எளிதாக அழியும் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வெளியே வந்த அக்கா, ஃபில்டரையும் இரண்டு ரப்பர் வளையங்களையும் கார்க்காரரின் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை வட்டம் மேலே பார்த்திருந்தது.

"என் கை" என்றார். "அன்னிக்கு பார்ட்ஸ் கடைக்காரன்கூட போன்ல சண்டை. தோள்ல போன், கையில ஃபில்டர். தடவிப் பாக்கல."

கார்க்காரருக்கு அப்போதுதான் கோபம் முழுதாக வந்தது. "தடவிப் பாக்கலன்னு சொன்னா முடிஞ்சுதா? இவ்வளவு நேரம் ஊரையே திட்டினீங்களே. டர்போ உள்ள தேஞ்சிருந்தா? என் ரூட் போச்சுன்னா யாருகிட்ட போய் நிப்பேன்?" நிறையப் பேசினார். அந்தப் பட்டறையில் பிறர் திட்டி அக்கா கேட்டதை முதன்முதலாக அன்று பார்த்தேன். அது பார்க்கச் சுகமான காட்சியாக இருக்கும் என்று முன்பு நினைத்திருந்தேன். இல்லை.

கார்க்காரர் ஓய்ந்ததும் அக்கா டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி, உள்ளே விரல் விட்டுச் சக்கரத்தைத் தொட்டார். சுற்றினார். மேலும் கீழும் அசைத்தார். உள்ளே அழுத்தி, வெளியே இழுத்துப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை.

"தேயல. முன்ன பின்ன ஆட்டமே இல்ல. நீங்களே விரல விட்டுப் பாருங்க."

அவர் விட்டுப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, தோள் தளர்ந்தது.

"லைட் எரிஞ்சதும் நீங்க ஆஃப் பண்ணினீங்களே, அதுதான் காப்பாத்துச்சு. நான் காப்பாத்தல" என்றார் அக்கா.

புது ஃபில்டரை எடுத்துவர தம்பி அலமாரிப் பக்கம் போனபோது நானும் பின்னாலேயே போனேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"அன்னிக்கு நான் கடைக்கே வரலிங்க. பல்லு புடுங்கப் போயிருந்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"எங்க? நடுவுல மூச்சு விட்டாளா?"

அவர் ஃபில்டரோடு திரும்பி, அதை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதைத் தொடவில்லை. தம்பியின் இன்னொரு கையிலிருந்த விளக்கை வாங்கிக்கொண்டார். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, நடுவே தம்பிக்கு இடம் விட்டு ஓரமாக நகர்ந்து, அவர் விரல் தடவப்போகும் இடத்தின் மேல் வெளிச்சத்தைப் பிடித்தார்.