தம்பியின் எழுத்தும் என் சாட்சியும்

தம்பி மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உறவினர்களும் நண்பர்களும் அவரைப் பற்றி நல்ல விதமாக நாலு பக்கம் எதிர்பார்ப்பீர்கள். அவரைப் பற்றி நல்லதுதான் எழுதப் போகிறேன். என்னைப் பற்றித்தான் அப்படி எழுத முடியாது.

அவிநாசிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் பிறந்தார். அப்பா தவறியபோது நான் கல்லூரியில் இருந்தேன். தம்பி பத்தாவதோடு நின்று, கோவையில் பம்பு வார்க்கும் பட்டறையில் சேர்ந்தார். நான் தமிழ் விரிவுரையாளரானது அவர் உழைப்பில்தான்.

பம்பின் மேல் கம்பெனிப் பெயர் புடைத்து நிற்பதற்காக மரத்தில் எழுத்துச் செதுக்குவது அவர் வேலை. அந்த மரத்தை அழுத்தி அச்செடுக்கும் வார்ப்பு மணலில் மெல்லிய எழுத்து உதிர்ந்துவிடும். தடிமனாக்கி, முனையில் பாதம் வைத்தால்தான் நிற்கும். பின்னாளில் துடியலூரில் அச்சகம் தொடங்கியபோது, அந்த வடிவத்திலேயே எல்லாத் தமிழ் எழுத்துகளையும் காகிதத்தில் வரைந்தார். நிற்கும் கோடு தடிமன், வளையும் கோடு மெலிவு, முனைதோறும் பட்டையான பாதம். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், கடைப் பலகை எல்லாவற்றிலும் அது எடுப்பாக நின்றது. தலைப்புக்கு மட்டுமே அதைக் கொடுப்பார்.

“இதுலயே கதை முழுசும் அச்சடிச்சா, படிக்கறவன் கண்ணு போயிருமுங்ணா” என்று சிரிப்பார்.

வரைந்த ஒவ்வொன்றையும் என்னிடம் கொண்டுவந்து காட்டுவார். ஒருமுறை ழகரத்தின் வால் குட்டையாக இருக்கிறது என்றேன். “உங்க ழ வாயில நல்லா வருதுங்ணா. பலகையில வாலு கீழ் வரிக்காரன் தலையில போயி உக்காருதுங்க” என்றார்.

சொரசொரப்பான காகிதத்தில் ண, ழ, ஞ போன்றவற்றின் உள்மூலைகளில் மை அப்பியது. அதற்காக, வரைந்த எழுத்தின் அந்த மூலைகளில் கத்தியால் நெல்முனை அளவுக்குச் சிறு வெட்டு வைத்தார். “மை வந்து தங்கறதுக்கு எடம் உடோணுமுங்ணா. இல்லீனா எழுத்து மூஞ்சி தெரியாமப் போயிரும்.” அன்று நான் பக்கத்தில் இருந்தேன். ஞகரத்தில் கத்தி வழுக்கி வெட்டு சாய்ந்துவிட்டது. “கெடக்குது உடுங்க, நம்ம அடையாளமா இருந்துட்டுப் போகுது” என்றார்.

சில ஆண்டுகள் கழித்து, கோவையில் ஒரு பெரிய அச்சகத்தார் அதே எழுத்தைக் கணினிக்குச் செய்து, தங்கள் பெயரில் விற்கத் தொடங்கினர். ஒவ்வொரு வெட்டும் அதில் இருந்தது. ஞகரத்தின் சாய்ந்த வெட்டும் இருந்தது. தம்பி அச்சுத் தொழிலில் மூத்தவர்களைக் கூட்டி முறையிட்டார். அவர் சொன்ன ஒரே சாட்சி நான்.

அந்த அச்சகத்தார் வீட்டில்தான் என் மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, மிரட்டவுமில்லை. நானாகவே பயந்தேன்.

கூட்டத்தில் மூத்தவர் கேட்டார்: “ஏனுங்க வாத்தியாரய்யா, இந்த வெட்டு உங்க தம்பி வெச்சதுங்களா?”

“பழைய ஈய எழுத்துகளிலேயே பார்த்த ஞாபகமுங்க” என்றேன்.

பின்வரிசையில் யாரோ, “அப்பறமென்னுங்க, ஊர்ப் பொதுக் கெணத்துக்குப் பட்டா கேக்கறாப்ல இருக்குது!” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். படித்தவன், அதுவும் சொந்த அண்ணன் சொன்னதற்கு மறுபேச்சு ஏது? அத்துடன் முடிந்தது.

வெளியே வந்ததும் தம்பி வண்டியை எடுத்தார். “ஏறுங்கண்ணா, பஸ் ஸ்டாண்டுல உட்டுர்றனுங்க.” என் மகளின் கல்யாணப் பத்திரிகையும் அந்த எழுத்தில்தான் வந்தது. வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். “மை நல்லா எடுத்திருக்குதுங்ணா” என்றார். கல்யாணத்தன்று பந்தி முடியும்வரை நின்று பரிமாறினார்.

அதன் பிறகும் அவர் வரைவதை விடவில்லை. மேலும் இரண்டு எழுத்து வரிசைகளை முழுமையாக முடித்திருக்கிறார். எனக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். அவர் போன பிறகே அவற்றைப் பார்த்தேன்.

மருத்துவமனையில் கடைசி வாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு நான் சொன்னது...” என்று தொடங்கினேன். “காப்பி குடிச்சீங்களாண்ணா?” என்றார்.

அந்த எழுத்தை வரைந்தவர் என் தம்பி. நான் சொன்னது பொய். தொழிலில் மூத்தவர்களுக்கு இதையே எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த மலர் என் சம்பந்தி வீட்டுக்கும் போகிறது.

நோயில் உடனிருந்து பார்த்துக்கொண்ட அக்கம்பக்கத்தாருக்கும், மருத்துவர்களுக்கும், காரியங்களில் தோள்கொடுத்த பங்காளிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இக்கட்டுரையை முதலில் படித்துப் பார்த்த தம்பி மனைவிக்கும் என் நன்றி. ‘தம்பி என்னை மன்னித்துவிட்டார் என்றே நம்புகிறேன்’ என்று முடித்திருந்தேன். அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

“அவிய அப்பிடிச் சொல்லவே இல்லீங்களே, மாமா?”

அந்த வரியை எடுத்துவிட்டேன்.