இடப்பக்கம் வளையும் இலை

கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுவது என் தொழில். இணையத்தில் பார்த்ததைத்தான் போடுவேன். எனக்கென்று ஒரு பாணி இல்லையே என்று உள்ளுக்குள் புழுங்குவேன். இடது கைக்காரி என்பதால் என் இலைகளின் நுனி மட்டும் இடப்பக்கம் வளைந்துவிடும். எவ்வளவு முயன்றும் அதைத் திருத்த முடியவில்லை.

ஒருநாள் கிள்ளான் போகும் ரயிலில், கம்பியைப் பிடித்து நின்ற பெண்ணின் கையில் அதே இலைகள்! அவளை நான் பார்த்ததே இல்லை.

“யாரு போட்டா, தங்கச்சி?”

“நானேதான்க்கா. பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கல்யாணத்துல பொண்ணு கையில பார்த்தேன். இந்த வளைவுதான் லேசுல வரல லா! பேப்பர்ல போட்டுப் போட்டுப் பழகினேன்.”

அந்தக் கல்யாணப் பெண்ணுக்குப் போட்டது நான்தான். நான் ஒழிக்கப் பாடுபட்ட கோணலை வரவழைக்க ஒருத்தி பாடுபட்டிருக்கிறாள். மடியில் கிடந்த என் இடது கையை, வேறு யாருடையதோ போல, பார்த்துக்கொண்டே போனேன்.