மூடாத இமை

ராஜாமணி அம்மாளின் மீது நான் சுமத்திய பழி பொய். அவர் மகளின் வலக்கண்ணைக் கெடுத்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் கோவையில் கண் அறுவை மருத்துவனாக இருந்தேன். பல்லடத்தில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த ராஜாமணி, மகள் சுமதியை அழைத்து வந்தார். பத்தொன்பது வயது. பிறவியிலிருந்தே வலது இமை பாதிக் கண்ணை மறைத்துத் தொங்கியது. பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு முறை திரும்பிப் போயிருந்தார்கள்.

இமையைத் தூக்கும் தசையைக் குறுக்கித் தைக்க வேண்டும். எத்தனையோ பேருக்குச் செய்த கை இது... அந்தச் செருக்குதான்!

சுமதியின் இமையைப் பிரித்தபோது, தசை நான் அறிந்த வடிவில் இல்லை. மூக்குப் பக்கமாக மெல்லிய கிளையொன்று தனியே ஓடியது. நிறுத்தி யோசித்தேனா? இல்லை. வேண்டாத நார் என்று அறுத்தேன். அறுத்ததும் அது சுருங்கி உள்ளே போயிற்று. நார் சுருங்குமா? தசையல்லவா சுருங்கும்!

இமையை மட்டும் மரக்கச் செய்திருந்ததால் அவள் விழித்திருந்தாள். கண்ணைத் திறக்கச் சொன்னேன். இமையின் உள்பாதி எழவில்லை. பதறிப்போய், மீதித் தசையை அளவுக்கு மேல் இழுத்துத் தைத்தேன்.

இமை எழுந்தது. ஆனால் மூட மறுத்தது. தூக்கத்திலும் கண் திறந்தே கிடந்தது. உடனே தையலைத் தளர்த்தியிருக்க வேண்டும். மறுபடி திறந்தால் என் தவறு பிறர் கண்ணில் பட்டுவிடுமே... களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் வாரம், கருவிழி உலர்ந்து புண்ணாகி வந்தாள். புண் ஆறிய இடத்தில் வெள்ளைத் தழும்பு படர்ந்தது. அந்தக் கண்ணில் பார்வை போயிற்று.

ஏன் இப்படி ஆனது என்று ராஜாமணி கேட்டார். களிம்பைத் தவறாமல் போட்டீர்களா என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அவர் தலை கவிழ்ந்தது. “தறி ஓட்டிப்போட்டு வந்து ரெண்டு நாள் அசந்துபோட்டேனுங்க டாக்டர். எம் புள்ள கண்ணை நானே கெடுத்துப்போட்டேனுங்களா?”

இல்லை என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்கும்.

“ஒழுங்காப் போட்டிருந்தாக் காப்பாத்தியிருக்கலாமுங்க அம்மா.”

சுமதி அருகில்தான் நின்றாள். அறுவைக் குறிப்பில் ‘தசை இயல்பானது’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, பார்வைக் குறைபாட்டுச் சான்றிதழுக்காக அவள் தனியே வந்தாள். அம்மா நலமா என்று கேட்டேன்.

“அம்மாகூடப் பேசறதில்லீங்க. ஒரே ஊட்லதான் இருக்கோம்.”

அப்போதாவது சொன்னேனா? சான்றிதழை எழுதி நீட்டினேன்.

“நீங்க எவ்வளவோ பாத்தீங்க டாக்டர். வாரேனுங்க” என்று கைகூப்பினாள்.

அந்தக் கும்பிடையும் நான் வாங்கிக்கொண்டேன்.