மாமாவின் மேட்ச்

எழுபதுகளில், எனக்கு ஒன்பது வயதான அந்தத் தை மாதம், எங்கள் வீட்டில் எல்லோரும் இரண்டு மேட்ச்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்று, இலங்கையில் நம் கிரிக்கெட் அணி ஆடிக்கொண்டிருந்தது. மற்றது, லோதி ரோட்டுப் பெண் ஒருத்தியை என் மாமாவுக்கு அம்மா பேசி வைத்திருந்தது. டெல்லித் தமிழர்களுக்கு வரனும் மேட்ச்தான். "நல்ல மேட்ச், விட்டுராதீங்க" என்று அம்மாவிடம் சொல்லாத ஆள் எங்கள் லக்ஷ்மிபாய் நகரில் இல்லை.

மாமா, அம்மாவின் தம்பி, பாங்கு வேலையில் இருந்துகொண்டு எங்கள் குவார்ட்டர்ஸிலேயே தங்கியிருந்தார். பெண் பார்த்த மறுவாரம் லீவு போட்டு, முதுகில் கேன்வாஸ் பையை மாட்டிக்கொண்டு, ராமேஸ்வரம் போய், மேட்ச் பார்க்க இலங்கைக்குக் கப்பல் ஏறிவிட்டார். நாள் குறிக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிட வேண்டும் என்று அம்மா பத்துத் தடவை சொல்லி அனுப்பியிருந்தாள். ஒவ்வொரு மைதானமாகப் பஸ்ஸிலும் நடையிலும் தீவைச் சுற்றுவதாக எனக்குக் கார்டு போட்டார். கண்டி மலையில் அட்டை கடித்ததாம், காலி என்ற ஊரில் கடற்கரையிலேயே தூங்கினாராம். கன்னாட் பிளேஸில் ஹிப்பிகள்தான் அப்படிப் பையோடு திரிவார்கள். பாங்குக்காரருக்கு ஏன் இந்த வேலை என்று எனக்கு விளங்கவில்லை.

மாப்பிள்ளை மூட்டை தூக்கி அலைகிறார் என்று பெண் வீட்டில் சொல்ல முடியுமா? ஆபீஸ் வேலையாக மெட்ராஸ் போயிருப்பதாக அம்மா புளுகி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாமா வரவில்லை. பெண்ணின் அப்பாவும் அம்மாவும் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் கேசரித் தட்டைக் கையில் வாங்கும்போது, "தார், பஹன்ஜி" என்று தந்திக்காரர் கதவைத் தட்டினார். தந்தி என்றால் சாவுதான் என்று எல்லோரும் வெலவெலத்துப்போனார்கள். நான்தான் ஓடிப்போய் வாங்கிப் பிரித்தேன். இங்கிலீஷ் படிக்கக் கிடைத்தால் எனக்குத் தலைகால் புரியாது.

"மேட்ச் அபாண்டன்ட். நாட் கமிங் நவ்" என்று உரக்கப் படித்தேன்.

"என்ன பாப்பா போட்டிருக்கு?" என்று கேட்டார் பெண்ணின் அம்மா.

எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். "மேட்ச் வேண்டாம்னு விட்டாச்சாம். மாமா இப்போ வரலையாம்."

கேசரித் தட்டுகள் கீழே இறங்கின. என் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அம்மா பார்வையாலேயே அடக்கினாள். கிரிக்கெட் என்று சொன்னால் புளுகு வெளியே வரும், சொல்லாவிட்டால் சம்பந்தம் போய்விடும். அவள் திணறி முடிப்பதற்குள் பெண்ணின் அப்பா செருப்பை மாட்டிவிட்டார்.

"அண்ணாச்சி, அது இந்த மேட்ச் இல்ல, வேற மேட்ச்" என்று அம்மா வாசல்வரை போனாள்.

"அப்ப எம் பொண்ணு இல்லாம வேற மேட்சும் பாத்துருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் படியிறங்கினார்.

"ஏட்டி, ஒன்னை யாரு வாசிக்கச் சொன்னா?" என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். மாமாவின் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று அன்று முழுக்க அழுதேன்.

மறுநாள் காலை பேப்பரில் கிரிக்கெட் பக்கத்தைப் பிரித்தேன். தந்தி வந்த அதே நாள், நல்ல வெயிலில், மாலைவரை ஆடி முடித்திருந்தார்கள். மழை பெய்ததாகவோ ஆட்டம் நின்றதாகவோ ஒரு வரிகூட இல்லை. எனக்கு உயிர் வந்தது. பேப்பரோடு அம்மாவிடம் ஓடி, "மேட்ச் நடந்திருக்கும்மா. மாமா தப்பா தந்தி குடுத்துட்டாரு" என்றேன்.

அம்மா அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குக் கிரிக்கெட் தெரியாது. பிறகு, "எங்கிட்ட நேர்ல ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

நடந்த ஆட்டத்தை நடக்கவில்லை என்று மாமா ஏன் சொன்னார், நல்ல சேதி கேட்டு அம்மா ஏன் அழுகிறாள், எனக்கு ஒன்றுமே புரியவில்லை. லோதி ரோட்டுக்காரர்களிடம் பேப்பரைக் காட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று செருப்பை மாட்டினேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.