இரண்டாம் கட்டை விற்றவன்

முழங்கால் தேய்ந்துவிட்டது, ஏணி ஏறாதே என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஆரம்பித்தது எல்லாம். காரைக்குடியில் நான் பெயின்ட் கடை வைத்திருக்கிறேன். ஏணி ஏறாத பெயின்ட் கடைக்காரனுக்கு நாற்காலியில் உட்கார்ந்து மற்றவர்களைத் திட்டுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. கடைக்கு வருகிறவர்களையும் திட்டினேன். முட்டை வெள்ளைக்கும் பால் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவன் எதற்கு வீடு கட்டுகிறான் என்று ஒரு ஆளிடம் முகத்துக்கு நேரே கேட்டேன். அவன் அப்புறம் வரவில்லை.

எதிர்க்கடையில் செல்போன் ரிப்பேர் பார்க்கும் பாய், என் கத்தல் தாங்காமல் ஒருநாள் வந்து என் போனை வாங்கி ஒரு விளையாட்டை ஏற்றிக் கொடுத்தார். துபாயில் இருந்தபோது லேபர் கேம்ப்பில் விளையாடிப் பழகியதாம். "அண்ணே, இதுக்குள்ள பேயி பூதமெல்லாம் இருக்கு. எம்புட்டு வேணாலும் திட்டுங்க, ஒண்ணும் கோவிச்சுக்காது" என்றார்.

விளையாட்டு இதுதான். தரைக்குக் கீழே பாதாளம். தளம் தளமாக இறங்கிப் போக வேண்டும். கையில் கத்தி கிடையாது, சீட்டுகள்தான். ஒரு சீட்டைப் போட்டால் வெட்டு விழும், ஒன்று கேடயம், இன்னொன்று விஷம். எலும்புக்கூடு வரும், வவ்வால் வரும், பாசி படிந்த பூதம் வரும். செத்தால் மறுபடி முதல் தளத்திலிருந்து இறங்க வேண்டும். பிடித்த சீட்டுகளைச் சேர்த்து மூன்று கட்டுகள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒரு கட்டு சரிப்படாவிட்டால் அதை உடைத்து, நல்ல சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பாதாளத்தில் கடை போட்டிருக்கும் ஒரு தாடிக்கார வியாபாரியிடம் தள்ளிவிடலாம். அவனும் என்னைப் போல நாற்காலியை விட்டு எழுந்திருக்காதவன். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

முழங்காலைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போகிறவன் பாதாளத்தில் இரும்புக் கவசம் போட்டுக்கொண்டு நடந்தேன். எலும்புக்கூடு என்னைக் குத்தும்போது, "ஒன்னையத் தொலைச்சுக் கட்டாம விட மாட்டேன்டா" என்று கத்தினேன். கவுன்டர் முன்னால் பிரைமர் கேட்டு நின்ற கொத்தனார் பயந்துபோய், "நான் வேணும்னா அப்புறமா வாரேண்ணே" என்று கிளம்பிவிட்டார்.

பாய் சீட்டுக் கட்டை 'டெக்' என்பார். எனக்கு அது எரிச்சல். கட்டு என்று நம்மிடம் ஒரு வார்த்தை இருக்கும்போது டெக் என்ன டெக்? அவரையும் திருத்தினேன். முதல் கட்டு, ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டு என்றுதான் இருவரும் பேசுவோம். என் தமிழ்ப்பற்று என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதற்குப் போகும் முன்னால் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் குடியிருப்பது பள்ளத்தூரில், எங்கள் பங்காளிகள் எல்லோருக்கும் பொதுவான பெரிய வீட்டில். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்னால் முகப்பு, அடுத்து வளவு என்கிற முதல் முற்றம், அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று முற்றம் முற்றமாகப் போய்க்கொண்டே இருக்கும். பங்காளிகள் சென்னை, கோவை, மலேசியா என்று போய்விட்டார்கள். ஊரிலேயே தங்கிய உருப்படாதவன் நான் ஒருவன்தான் என்பதால் சாவி என்னிடம். முகப்பை ஒட்டிய அறைகளில் நானும் என் மனைவியும் இருக்கிறோம். வாடகை கிடையாது, வீட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சாவி போனால் குடியிருப்பும் போச்சு.

பங்காளிகளுக்கு ஒரே ஒரு பயம் உண்டு. எங்கள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளை உடைத்து, தேக்குத் தூணையும் நிலைக் கதவையும் வியாபாரிகளுக்கு விற்றுவிட்டார்கள். நம் வீட்டிலும் ஒருவன் அப்படிச் செய்துவிடுவானோ என்று ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் மேல் சந்தேகம். போனில் பங்காளிகள் குழு ஒன்று இருக்கிறது. காலை வணக்கப் பூக்களும் இந்தச் சந்தேகமும் தவிர அதில் வேறெதுவும் வராது.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு முடிந்து, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது, ஏழாம் தளத்துப் பூதத்திடம் மறுபடியும் செத்தேன். கோபத்தில் பாய்க்கு ஒரு குரல் பதிவு அனுப்பினேன். பேசியது இதுதான்:

"ரெண்டாங்கட்ட ஒடைச்சுட்டேன். இனி அத வச்சிருந்து ஒரு புண்ணியமும் இல்ல. நல்லதா நாலு எடுத்துக்கிட்டு மிச்சத்த யாவாரிகிட்டத் தள்ளியாச்சு. மூணாங்கட்டு அடுத்த வாரம்."

பாய்க்குப் போகவில்லை. பங்காளிகள் குழுவுக்குப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் போன் துடிக்க ஆரம்பித்தது. பயந்துபோய்ப் பதிவை அழித்தேன். திருடன் தடயத்தை அழிக்கிறான் என்று அதற்கு அர்த்தம் ஆகிவிட்டது. கோவையில் இருக்கும் பெரியப்பா மகள், அக்கா முறை என்பதால் நான் ஆச்சி என்று கூப்பிடுகிறவர், போனில் அழுதார். அவருடைய கல்யாணப் பித்தளைச் சாமான் எல்லாம் இரண்டாம் கட்டு அறையில்தான் இருக்கிறது. அதையும் யாவாரி எடுத்துக்கொண்டானா என்று கேட்டார். இல்லை ஆச்சி, ஒரு தூணையும் நான் தொடவில்லை என்று தொண்டை வறளக் கத்தினேன். கத்துகிறவனை யார் நம்புகிறார்கள்?

அப்போதும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் குழுவில் விளக்கம் எழுதினேன்: 'அது வீடு இல்லை. சீட்டு விளையாட்டு.'

சீட்டு விளையாட்டு என்றால் நம் ஊரில் என்ன? காசு வைத்து ஆடுவது. வீட்டை உடைத்து விற்றவன், அதைச் சீட்டாடித் தொலைத்தவன் ஆனேன். மலேசியாவில் இருக்கும் தம்பி, யாரிடம் தோற்றாய், ஆளைச் சொல், மீட்டுவிடலாம் என்று பெருந்தன்மையாக எழுதினான். அவன் பெருந்தன்மையில் தீயை வைக்க.

எல்லோருக்கும் மூத்த அண்ணன் சென்னையில் இருக்கிறார். பாங்க்கில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். குழுவில் ஒரே ஒரு வரி போட்டார்: 'ஞாயிறு காலை வருகிறேன். சாவியை எடுத்து வை.'

எடுத்து வை என்றால் கொடுத்துவிடு என்று அர்த்தம். என் மனைவி அதைப் படித்துவிட்டுப் போனை என் மடியில் வைத்தாள். சாமான் கட்ட அட்டைப்பெட்டி கிடைக்குமா என்று மட்டும் கேட்டாள். பெயின்ட் கடையில் அட்டைப்பெட்டிக்கா பஞ்சம்?

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. தூணெல்லாம் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் இரண்டாம் கட்டுக்குள் நான் போய்ப் பல மாதம் ஆகிவிட்டது. விளையாட்டு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமையெல்லாம் பாதாளத்தைச் சுத்தம் செய்வதிலேயே போனது. உள்ளே வவ்வால் எச்சமும் ஒட்டடையுமாக இருக்கும். விற்காவிட்டாலும் பாழாக்கிவிட்டான் என்று அண்ணன் சாவியைப் பிடுங்குவார். போய் எட்டிப் பார்க்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணன் வந்தார். செருப்பைக் கழற்றினார். என் மனைவி, "வாங்க, காபி குடிக்கிறீகளா?" என்று கேட்டதற்கு, முதலில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நடந்தார். தண்ணீர்கூடத் தொடவில்லை. நான் பின்னாலேயே நொண்டிக்கொண்டு போனேன். வளவு தாண்டியதும் இரண்டாம் கட்டுக்குப் போகும் நடைக் கதவு ஏற்கனவே திறந்திருந்தது.

உள்ளே முற்றம் பளிச்சென்று இருந்தது. தரையில் பாவிய ஆத்தங்குடிக் கல்லில் முகம் பார்க்கலாம். தூணுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்த வாசனை. அறைக்குள் ஆச்சியின் பித்தளைச் சாமான் புளி போட்டு விளக்கிக் கவிழ்த்து வைத்திருந்தது. அண்ணன் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார். நானும் தட்டிப் பார்த்தேன், அவரைவிட அதிக ஆச்சரியத்தோடு.

"நல்லாத்தானடா வச்சிருக்கே. அப்ப எதை வித்தே?"

போனை எடுத்துக் காட்டினேன். எலும்புக்கூட்டையும் தாடிக்காரனையும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஐம்பத்தெட்டு வயதில் தம்பி இதைத்தான் செய்கிறான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை. இரண்டாவது கட்டைத்தான் விற்றாகிவிட்டதே, அத்தாட்சிக்கு என்ன இருக்கிறது என்று ஆடிட்டர் புத்தியோடு கேட்டார். முதல் கட்டைத் திறந்து காட்டினேன். மாதக்கணக்காகச் சேர்த்தது. நெருப்பு வாள் இருந்தது, நாகக் கேடயம் இருந்தது, பாய்க்கே கிடைக்காத சீட்டுகள்.

"சரி, இதை வித்துக் காட்டு."

விரலை வைத்தேன். அழுத்த மனம் வரவில்லை. இது கட்டு என்பதற்குப் படமே போதும், விற்க வேண்டியதில்லை என்றேன். என் குரல் கம்மியது. ஒரு போன் பொம்மைக்காகக் குரல் கம்மியதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

நடையில் நின்ற என் மனைவி, "வித்துக் காட்டுங்க. எனக்கும் பாக்கணும்" என்றாள்.

அழுத்தினேன். நிச்சயமாகத்தானா என்று விளையாட்டு இன்னொரு தடவை கேட்டது. அதையும் அழுத்தினேன். தாடிக்காரன் சிரித்தான். நெருப்பு வாள் போய்விட்டது.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தச் சீட்டுக்கே கண்ணு கலங்குறவன் எங்கிட்டுப் போயி வீட்ட விக்கிறது? சரி, சாவி எங்க?"

சட்டைப் பையில் தேடினேன். ஆணியில் பார்க்கிறேன் என்று முகப்புக்குத் திரும்பினேன். அண்ணன் நகரவில்லை. அவர் பார்வை போன பக்கம் நானும் பார்த்தேன். சாவிக்கொத்து என் மனைவியின் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாக அங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் அதை எடுத்து நீட்டினாள். அண்ணன் வாங்கவில்லை.

"ஒங்கிட்டயே இருக்கட்டும்த்தா. இவன்கிட்ட மட்டும் குடுத்துறாத." பிறகு, "காபியப் போடு" என்றார்.

குழுவில் அன்றே எழுதினார்: 'இரண்டாம் கட்டு நலம். சாவி தம்பி மனைவியிடம்.' அதற்குக் கீழே எல்லோரும் கை கூப்பியிருந்தார்கள், ஆச்சி மட்டும் பூவும் சேர்த்து. யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது விசேஷங்களில் என் பெயர் இரண்டாங்கட்டு. அட்டைப்பெட்டிகள் கடைக்குத் திரும்பிப் போய்விட்டன.

விளையாட்டை விட்டுவிடவில்லை. முதல் தளத்திலிருந்து மறுபடியும் இறங்குகிறேன். ஆனால் டெக் என்றுதான் சொல்கிறேன். பாய்க்கு ரொம்ப சந்தோஷம்.

போன ஞாயிறு எலும்புக்கூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி வந்து மடியில் ஒரு விளக்குமாற்றைப் போட்டாள். சாவிக்கொத்து கிணுகிணுத்தது.

"ரெண்டாங்கட்டுல நெசமாவே ஒரு வவ்வா வந்திருக்கு. கதவத் தெறந்து விடுறேன், அங்குட்டுப் போயிச் சண்டையப் போடுங்க."

போனேன். கேடயம் இல்லை, வாளும் இல்லை. என்னால் அதை விரட்ட முடியவில்லை. அவள்தான் வந்து விளக்கை அணைத்து, முற்றத்துப் பக்கம் கதவைத் திறந்துவிட்டாள். அது பாட்டுக்குப் போய்விட்டது.