மலரக்கா சாப்பிட்ட நான்கு மீன்கள்

செய்தி வந்தபோது நான் ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரில், வழக்கமாகப் போகும் கடையின் மீன் பகுதியில் வரிசையில் நின்றேன். அழைத்தது மலரக்காவின் மகள் யாழினி. “மாமா, அம்மா விடிய போயிட்டா,” என்றாள். இரண்டு கிழமையாக ஆஸ்பத்திரியில் இருந்தவர். இதயம் சோர்ந்துவிட்டது என்று மருத்துவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நின்ற பெண் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். ஐஸின் மேல் மீன்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வெளியே வந்து, தள்ளுவண்டிகள் நிற்கும் இடத்தில் வயிற்றில் இருந்ததையெல்லாம் சத்தி எடுத்தேன்.

துக்கம் தாங்காமல் வந்த சத்தி என்று எழுதினால் மரியாதையாக இருக்கும். அப்படியல்ல. என்னை நினைக்க எனக்கே வந்த அருவருப்பு அது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவுமலரை நாங்கள் கல்வெட்டு என்போம். மலரக்காவின் கல்வெட்டைத் தொகுக்கும் அன்பர் அடுத்த வாரமே என்னைக் கூப்பிட்டார். “அண்ணை, நீங்கள் அவவோட ஒண்டா வேலை செய்தனீங்கள். ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ. முப்பது வருசமா மச்சம் மாமிசம் தொடாத மனிசி எண்டதைக் கட்டாயம் போடுங்கோ. அதுதான் அவவுக்குப் பெருமை.”

“அது பொய்,” என்றேன்.

“என்ன அண்ணை விசர்க்கதை கதைக்கிறியள்?”

போனை வைத்துவிட்டேன். வாட்ஸப்பைத் திறந்தால் அங்கேயும் இதே கதை. எரியும் விளக்குப் படமும், பறக்கும் புறாப் படமும், கீழே “புண்ணியவதி” என்ற சொல்லும். அவரோடு பத்து நிமிடம் இருந்து கதைக்காதவர்கள் எல்லாம் பத்து வரி புலம்பியிருந்தார்கள். தூ! அவர் எந்த நாளில் மச்சம் தொட்டார், யாருக்காகத் தொட்டார் என்பதை நான் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. பார்த்தவர்களில் எனக்குத்தான் அதைச் சொல்லும் கடமை அதிகம்.

சிவமலர் என்பது முழுப்பெயர். யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்தவர். இங்கே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை செய்தார். அகதி வழக்கு முடியாமல் இழுபட்ட காலத்தில் ஊரில் அவருடைய தாயார் இறந்துபோனார். இவரால் போக முடியவில்லை. அன்றைக்குக் கைவிட்டதுதான் மச்சம். அதைப் பெரிதாக யாருக்கும் சொன்னதில்லை. இல்லத்தில் முதியவர்களுக்காக மாட்டிறைச்சிக் குழம்பு அவர்தான் காய்ச்சுவார். ருசி பார்க்க மாட்டார். மூடியைத் திறந்து ஆவியை மோந்துவிட்டு, “நாதன், உப்புக் காணாது,” என்பார். நான் வாயில் வைத்துப் பார்ப்பேன். உப்புக் காணாதுதான்.

அதே இல்லத்தில் கிம் என்றொரு தாதி இருந்தார். இளவயதில் கொரியாவில் இருந்து ஜெர்மனிக்குத் தாதி வேலைக்கு வந்த பெண்களில் ஒருவர். அவர் ஊரில் இருந்து வரும் புளிக்கவைத்த கோவாவை, அதுதான் முட்டைக்கோசை, திறந்தால் ஊழியர் அறை முழுக்க மணக்கும். ஒருத்தி மூக்கைப் பொத்துவாள். இன்னொருத்தி மாரி காலத்திலும் ஜன்னலைத் திறந்துவிடுவாள். தேங்காயும் மிளகாயும் இடித்த மலரக்காவின் கட்டைச் சம்பலுக்கும் அதே மரியாதைதான். ஒருநாள் மலரக்கா எழும்பி, தன் பெட்டியையும் கிம்மின் பெட்டியையும் எடுத்தார். “வா கிம், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில இருந்து சாப்பிடுவம். அது மூக்கைப் பொத்தாது,” என்று அவருக்கே உரிய உடைந்த டொய்ச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், சொன்னார். அன்று தொடக்கம் கிம் ஓய்வு பெறும்வரை இருவரும் பின்கதவுப் படியில்தான் மத்தியானம் சாப்பிட்டார்கள். நானும் பல நாள் அங்கே போய் இருந்திருக்கிறேன்.

எங்கள் குடியிருப்பில் ஒருமுறை நான் கருவாடு பொரித்ததற்கு அயலவர் முறைப்பாடு செய்து, வீட்டு நிர்வாகத்தில் இருந்து கடிதமும் வந்தது. மூன்று நாள் நான் கொதித்தேன். “எங்கட சாப்பாடு இவங்களுக்கு அரியண்டமாம், அருவருப்பாம்!” என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன். பிறகு நான் செய்தது தெரிய வரும்போது இந்தக் கடிதத்தையும் வாசகர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கிம் ஓய்வு பெற்றுத் தன் பிறந்த ஊரான கியொங்ஜுவுக்குத் திரும்பிப் போனார். ஒருகாலத்தில் ராசாக்கள் இருந்து ஆண்ட பழைய நகரம் அது. மலரக்காவும் ஓய்வு பெற்றதும், “கிம்மைப் பாக்கப் போறன். ஆர் வாறியள்?” என்று கேட்டார். அப்படித்தான் மூன்று ஆண்டுகளுக்கு முன் ஐந்து பேர் புறப்பட்டோம். மலரக்கா, நான், என் மனைவி சாந்தி, டுசல்டோர்ஃபில் இருக்கும் குலம் அண்ணை, அவருடைய மனைவி. மூன்று நாள் பார்ப்பதும் சாப்பிடுவதும்தான் திட்டம். அதில் சாப்பிடுவது என்ற பகுதியைக் குலம் அண்ணை தன் சூட்கேசிலேயே கொண்டு வந்திருந்தார். சோறு காய்ச்சும் மின்சாரப் பானை, வறுத்த அரிசிமா, தூள், பத்து டின் மீன்.

முதல் நாள் சந்தைத் தெருவுக்குப் போனோம். ஒரு வயதான பெண் பெரிய சட்டியில் பட்டுக் கூட்டுக்குள் இருந்து எடுத்த புழுக்களை அவித்துக்கொண்டிருந்தார். அவற்றைக் குச்சியால் குத்தித் தின்பார்களாம். அந்த ஆவி என் முகத்தில் அடித்ததும் கைலேஞ்சியால் மூக்கைப் பொத்தி, “சீ, என்ன அரியண்டமடா இது!” என்று உரத்துச் சொன்னேன். குலம் அண்ணை துப்பினார். உண்மையாகத் துப்பினார், தெருவில். சாந்தி சிரித்தாள்.

மலரக்கா என் அருகில் வந்தார். “அந்த மனிசிக்குத் தமிழ் விளங்காது, நாதன். உங்கட மூஞ்சி விளங்கும்.” பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்துக் குனிந்து வணங்கிவிட்டு நடந்தார். எனக்குக் கோபம்தான் வந்தது.

இரண்டாம் நாள் மலையில் இருக்கும் பழைய புத்த கோவிலுக்கும், கல்லில் குடைந்த புத்தரிடமும் போனோம். போத்தல் வடிவில் கட்டிய கல் கோபுரம் ஒன்றையும் பார்த்தோம். அதில் ஏறித்தான் அந்தக் காலத்தில் நட்சத்திரம் பார்த்தார்களாம். மோதகத்துக்குள் வைப்பதுபோல அவரை விதையின் இனிப்பு விழுதை வைத்துச் சுட்ட சின்னப் பணியாரம் அந்த ஊரில் பேர் போனது. அதை மட்டும் எல்லாரும் அள்ளி அள்ளித் தின்றோம். மற்ற நேரமெல்லாம் விடுதி அறையில் அவித்த புட்டும் டின் மீன் சம்பலும். அறைக்கு வெளியே நடைபாதை முழுக்க மணந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. துப்புரவாக்க வந்த பெண் மணிக்கணக்காக ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தாள், அவ்வளவுதான். மலரக்கா மட்டும் தெருவில் மரக்கறிச் சாப்பாடு எது என்று கையைக் காட்டிக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கிம்மின் வீட்டில் விருந்து. போகிற வழியில் நகரத்துக்கு நடுவே பச்சைப் புல் மூடிய பெரிய பெரிய மேடுகள். நல்ல வெயில். கிம் வீட்டில் என்ன தருவாரோ என்ற பயத்தில் குலம் அண்ணை புட்டுப் பொதிகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஒரு மேட்டின் அடியில் துவாயை விரித்து இருந்து தின்றோம். மலரக்கா தின்னவில்லை. “சாப்பிடக் கூப்பிட்ட வீட்டுக்குப் போகேக்க வயித்தை நிரப்பிக்கொண்டு போறியளே,” என்றார். யாரும் கேட்கவில்லை. கடைசிக் கவளத்தில் காவலாளி விசிலை ஊதிக்கொண்டு ஓடிவந்து பலகையைக் காட்டினார். நாங்கள் சாய்ந்திருந்தது ஒரு ராசாவின் சமாதி.

“ஐயோ, பிரேதத்துக்கு மேலயே இருந்து சாப்பிட்டனாங்கள்!” என்று குலம் அண்ணையின் மனைவி கத்தினார். “தலை முழுகாமல் ஒரு வீட்டுக்குள்ள கால் வைக்கேலாது.” சாந்தியும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“ஆயிரத்தைந்நூறு வருசத்துக்கு முந்திச் செத்த ராசா. இனியென்ன துடக்கும் தீட்டும்?” என்று மலரக்கா கேட்டார். “அங்க ஒரு மனிசி சமைச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறா.”

நாங்கள் விடுதிக்குத் திரும்பினோம். நான்கு பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தலை முழுகி, தலை காய்ந்து, உடுப்பு மாற்றி முடிக்க இரண்டு மணிநேரம் போய்விட்டது. மலரக்கா கீழே வரவேற்பறையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேராக இருந்தார். கிம்முக்கு மூன்று தடவை போன் எடுத்து மன்னிப்புக் கேட்டதாகப் பிறகு அறிந்தேன்.

கிம் வாசலிலேயே நின்றார். எழுபதைத் தாண்டியவர், வெள்ளை ஏப்ரன் கட்டியிருந்தார். ஒரு முகச்சுளிப்பும் இல்லை. உயரம் குறைந்த மேசையில் இருபது கிண்ணங்களுக்குக் குறையாது. நடுவில் உள்ளங்கை நீளத்தில் பொரித்த மீன்கள், தலையோடும் கண்ணோடும். ஆறிப்போனதால் திரும்பச் சூடாக்கியிருந்தார், அந்த மீன் வெடுக்கு வீடு முழுக்க நின்றது. மலரக்காவின் முன்னால் தோஃபுவும் கீரையும் எள்ளும் போட்ட ஒரு கிண்ணம். சாந்தி என் காதில் சொன்னாள்: “ஐஞ்சு பேருக்கு நாலு மீன். மனிசிக்கு எண்ணவும் தெரியேல்லை.” நான் சிரித்தேன். பிறகு ஏதாவது சொல்லும்படி அவள் முழங்கையால் இடித்தாள். குலம் அண்ணை கைக்குட்டையால் வாயைப் பொத்தியிருந்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு டொய்ச்சில் சொன்னேன்: “மன்னிக்க வேண்டும், ஃபிராவ் கிம். நாங்கள் எல்லாரும் இப்போது சைவம்.”

பன்னிரண்டு வருடம் நான் கோழிக்கால் கடித்ததையும் பன்றி இறைச்சி தின்றதையும் ஒரே படியில் இருந்து பார்த்தவர் அவர். டின் மீன் வாசம் என் கைவிரலில் அப்போதும் இருந்தது. கிம் ஏப்ரனின் நுனியை விரலால் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்.

அப்போது மலரக்கா தன் முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்து எங்கள் பக்கம் தள்ளினார். “இதைச் சாப்பிடுங்கோ,” என்றார். பிறகு மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். முதல் மீனை விரலால் பிரித்து, முள்ளை ஓரமாக வைத்து, சோற்றோடு வாயில் வைத்தார். மென்றார். விழுங்கினார். “நல்லா இருக்கு, கிம்,” என்றார். இரண்டாவது. மூன்றாவது. நான்காவதை எடுத்தபோது நெற்றி முழுக்க வியர்வை. நான்கையும் முடித்தார். அவர் கண் முன்னே நாங்கள் நால்வரும் அந்தத் தோஃபுவைப் பங்கு போட்டுத் தின்றோம். மேசையில் சுத்தமாக இருந்தது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு தின்றேன். கிண்ணத்தை வழித்தவன் நான்.

திரும்பும் வழியில் பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் மலரக்கா குந்தியிருந்து சத்தி எடுத்தார். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “ஏன் அக்கா? உங்கட விரதம் எல்லாம்...” என்று இழுத்தேன்.

வாயைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தார். “அம்மாவுக்காக விட்டது. அம்மா விளங்கிக்கொள்ளுவா. எனக்கு மீன் அரியண்டமா இருக்கேல்லை, நாதன். உங்கட மூஞ்சியள்தான்.” கைப்பையை வாங்கிக்கொண்டார். அதன்பின் சாகும்வரை அதைப் பற்றி ஒரு சொல் அவர் கதைத்ததில்லை. என்னோடு முன்போலவே பழகினார். ஊன்ட்றொப் அம்மன் கோவில் தேருக்கு ஒன்றாகப் போனோம், பிறந்தநாளுக்கு அழைத்தார். கிம்மிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. மூன்று வருடமாக நினைத்ததோடு சரி. அவ்வளவுதான் என் யோக்கியதை.

“கிம் அன்ரிக்கு நீங்களே சொல்லுங்கோ மாமா, எனக்கு ஏலாது,” என்று யாழினி கேட்டிருந்தாள். எட்டாம் நாள் படையலுக்கு முதல் நாள் துணிந்து எடுத்தேன். செய்தியையும், நாளைக்கு அவருக்குப் பிடித்த சாப்பாட்டைப் படைக்கிற நாள் என்பதையும் சொன்னேன். எனக்கு வாய் அடங்கவில்லை. அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொல்லி, நான் சொன்னது பொய் என்றேன்.

“தெரியும்,” என்றார் கிம். “மலர் மட்டும்தான் மீன் சாப்பிடாதவள். அதனால்தான் நான்கு மீன் பொரித்தேன். அந்தக் கிண்ணம் அவளுக்கென்று செய்தது. காலையில் சந்தைக்குப் போய்த் தோஃபு வாங்கி வந்தேன்.”

ஐந்து பேருக்கு நான்கு மீன் என்ற கணக்கைக் கேட்டுச் சிரித்தவன் நான்.

“நீங்கள் அதைச் சாப்பிட்டபோது நான் தடுத்திருக்க வேண்டும்,” என்றார். “ஆனால் மலர் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று கண்ணால் சொன்னாள். நீங்கள் வெட்கப்படக் கூடாதென்று.” பிறகு, “நாளைக்கு அதையே திரும்பச் செய்யப் போகிறேன். ஒரு கிண்ணம் மட்டும்,” என்றார்.

இந்தக் கட்டுரையைப் போடலாமா என்று யாழினியிடம் கேட்டேன். “அப்பிடியே போடுங்கோ மாமா, ஒரு சொல்லும் வெட்ட வேண்டாம்,” என்றாள். அந்த அன்பருக்குப் பிடிக்காவிட்டால் கல்வெட்டில் என் பக்கத்தை வெறுமையாக விடட்டும். புண்ணியவதி என்று நான் எழுத மாட்டேன்.

மலரக்கா, அண்டைக்கு உங்கட சாப்பாட்டைத் திண்டது நான். கிம் திரும்பவும் சமைச்சு வைச்சிருக்கிறா. இந்த முறை ஒருத்தரும் தலை முழுகப் போய் மினக்கெடுத்த மாட்டம், ஒருத்தரும் கை வைக்க மாட்டம். ஆற முன்னம் சாப்பிடுங்கோ. போயிட்டு வாங்கோ, அக்கா.