கழுவாத ஏணி

"மாமா, அத்தா மவுத்தாயிட்டாங்க" என்று காதர் பாயின் சாவை அவர் மகள் நஸ்ரின் போனில் சொன்னபோது, வட்டக்கானலில் என் விடுதி அறைகளுக்குப் போர்வை மாற்றிக்கொண்டிருந்தேன். போர்வையும் கையுமாக அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம். இனி யாரிடம் போய் ஒப்புக்கொள்வது?

நண்பர்களே, கொடைக்கானல் பஜாரில், அவருடைய பெயிண்ட் கடை மாடியில், ஞாயிறுதோறும் கூடிச் சின்னச் சின்ன மாடல் பேருந்துகளும் ஜீப்புகளும் செய்த நம் ஐந்தாறு பேருக்கும் பாயின் கண்டிப்பு தெரியும். ஹாரன், கண்ணாடிச் சட்டம், பின்பக்க ஏணி என்று நகத்தளவு உலோகத் துண்டு எதுவானாலும் அரத்தால் பிசிறு தேய்த்து, பல் பிரஷ்ஷில் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, அப்புறம் விரலே படாமல் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். மஞ்சு, அதுதான் மலைப் பனிமூட்டம், இறங்கிவிட்டால் ப்ரைமர் டப்பாவைத் தொடவே விட மாட்டார். "பெயிண்ட்டு என்ன உன் மச்சானா, சொன்னதும் ஒட்டிக்கிட்டு நிக்க? அழுக்கு கெடந்தா உரிஞ்சு வந்துரும் மாப்ள" என்பார்.

பூண்டி ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பார்த்து நாம் செய்த மாடலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கண்காட்சிக்கு முதல் நாள் அதன் ஏணியைக் கழுவும் சோலி என்னுடையது. மார்கழித் தண்ணீர், கை வைத்தால் எலும்பு வரை கடிக்கும். நான் பஜ்ஜி வேறு தின்றுகொண்டிருந்தேன். அந்தக் கையாலேயே ஏணியைத் துணியில் ஒரு துடை துடைத்து நீட்டினேன்.

"கழுவியாச்சா மாப்ள?"

"ஓ, ஆச்சு பாய். வெரசா அடிங்க, வெயில் போயிரும்."

மறுநாள் கூட்டத்துக்கு நடுவே ஏணியின் மஞ்சள் பெயிண்ட் தோல் தோலாக உரிந்து தொங்கியது. "ஊருக்கே பெயிண்ட் விக்கிறவரு பாய்!" என்று நம்மில் ஒருவர் கேலி செய்தார். "மஞ்சுல அவசரப்பட்டு அடிச்சிட்டேன், என் தப்புதான்" என்று பாய் சிரித்தார். முதல் நாள் மஞ்சே இல்லை. அது எனக்குத் தெரியும். வாயைத் திறக்காததோடு நிற்காமல், உங்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம், ஞாயிறு தவறாமல் அவர் எதிரில் உட்கார்ந்தேன். இன்று சொல்லிவிடலாம் என்று போவேன். டீ வரும், பேச்சு மாறும். சீ, என்ன மனுஷன் நான்! அவரும் ஒரு நாளும் கேட்கவில்லை. என் கையில் ஒரு துண்டைக் கொடுக்கும்போது மட்டும் சற்று நேரம் என் முகத்தைப் பார்ப்பார்.

அடக்கம் முடிந்த மறுவாரம் நஸ்ரின் ஒரு டப்பாவைக் கொடுத்தாள். "உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க மாமா. 'தானா வந்து சொல்லுவான்னு இருந்தேன், சொல்லல. இதைக் குடு, புரிஞ்சுக்குவான்'னாங்க."

உள்ளே அந்த ஏணி. பெயிண்ட் உரிந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கோடு என் விரல் ரேகை. பக்கத்தில், உறை பிரிக்காத ஒரு பல் பிரஷ்.

நண்பர்களே, பாய் அவசரப்படவில்லை. கழுவாதவன் நான். இதை அவர் இருக்கும்போதே உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த பிரஷ்ஷை நான் வைத்துக்கொள்கிறேன். இன்று வெள்ளனே எழுந்து, பச்சைத் தண்ணீரில், விரல் மரத்துப்போகும்வரை ஏணியைத் தேய்த்துக் கழுவினேன். ஜன்னலோரம் காய்கிறது. வெளியே ஒரே மஞ்சு. வெயில் வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், பாய்.